புள்ளிக்குப் பின்னால் உள்ளது

புரோகிராமில் ஒரு ஃபங்ஷனை, எண்ணை வாங்கிக்கொண்டு விடை கொடுக்கும் ஒரு சின்னத் துண்டை, பயன்படுத்துவதற்கு முன்னால் அக்கா திரையில் விரலை வைப்பார். கண்ணாடியில் படாமல் வைக்க அவருக்குத் தெரியாது. அதனால் அவர் உட்காரும் கம்ப்யூட்டரின் திரையில் மேல்பக்கமாக எப்போதும் ஒரு விரல் தடம் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் பச்சை எழுத்துகள் கொஞ்சம் கலங்கித் தெரியும். காலையில் நான் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி வந்துவிடும்.

"இது என்னத்த வாங்கிக்கறது?" என்று கேட்பார். எங்களிடம் அல்ல, திரையிடம்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் எங்கேயாவது இருந்து, யாராவது இதைப் படித்துக் காட்டினால், தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார். நாங்கள் எப்படியும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்காதான்.

புத்தூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பள்ளிக்கூடங்களுக்கு மதிப்பெண் பட்டியல் போடவும், லாரி எடை மேடைகளுக்குச் சீட்டு அடிக்கவும் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். நானும் ரஃபியும் முதலில் சேர்ந்தவர்கள். அக்கா எங்களுக்குப் பிறகுதான் வந்தார். முப்பதைத் தாண்டியிருந்தார், கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் அப்பாவோடு இருந்தார். தினமும் விடிகாலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, எடமலைப்பட்டி புதூரிலிருந்து வரும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

இப்போதுள்ளவர்களுக்குப் புரிய வேண்டுமானால் அந்தப் பழைய பேசிக் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எண்ணையோ எழுத்தையோ போட்டு வைக்கும் பெயர்களுக்கு வால் உண்டு. சதவீதக் குறி வாலாக இருந்தால் அந்தப் பெயரில் முழு எண் மட்டும் நிற்கும். ஆச்சரியக்குறி இருந்தால் புள்ளி வைத்த எண்ணும் நிற்கும். டாலர் குறி என்றால் எழுத்துகள். வாலே இல்லாத பெயர்களும் உண்டு. அவை எதை ஏற்கும் என்பதைப் புரோகிராமின் உச்சியில் உள்ள ஒரு வரி தீர்மானிக்கும். 'டெஃபின்ட்' என்று தொடங்கும் ஒரு வரியை அங்கே போட்டுவிட்டால் வாலில்லாத பெயர்கள் எல்லாமே முழு எண்கள் ஆகிவிடும். புரோகிராம் வேகமாக ஓடும் என்பதற்காகப் பலரும் அதைப் போடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஃபங்ஷனிடம் ஒன்று புள்ளி நான்கைக் கொடுத்தால், அது ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று கத்தாது, நின்றும் போகாது. ஒன்றை வைத்துக் கணக்கைப் போட்டு, விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

நாங்கள் இதையெல்லாம் பரீட்சைக்குப் படித்து, பாஸ் செய்து, மறந்திருந்தோம். அக்கா மறக்கவில்லை. தானே முதல் நாள் எழுதிய ஃபங்ஷனாக இருந்தாலும் மறுநாள் அதன் தலைவரியைத் திரைக்குக் கொண்டுவருவார். உள்ளே வாங்கும் பெயர் ஒவ்வொன்றின் வாலையும் விரலால் தொடுவார். வால் இல்லை என்றால் புரோகிராமின் உச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இதில் பாதி நாள் போய்விடும்.

"கஸ்டம்ஸ்லகூட இவ்ளோ சோதனை கிடையாதுக்கா" என்பான் ரஃபி.

"அங்க பெட்டியத்தானேடா பாக்கறா" என்பார் அக்கா, சிரிக்காமல்.

வேலையில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை அது. யாரிடமும் எதையும் சும்மா நீட்டமாட்டார். டீ டம்ளரைக் கொடுத்தால், "சூடு, விளிம்பப் பிடிச்சுக்கோ" என்று சொல்லி, நான் விளிம்பைப் பிடித்ததைப் பார்த்த பிறகுதான் கையை எடுப்பார். எனக்குத் தலைவலி என்றால் கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வருவார். கொடுக்கமாட்டார். "உனக்கு எது ஒத்துக்காது? வயித்துல புண்ணு ஏதாவது இருக்கோ? கார்த்தால சாப்டியோ?" என்று கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் தலைவலி போய்விடும் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் புளியோதரை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், "இன்னிக்கு நீ விரதம்னா சொல்லிடு, நான் அந்தப் பக்கம் போய்ச் சாப்டுண்டு வரேன்" என்பார். எங்கள் வீட்டில்கூட அதை யாரும் அவ்வளவு நினைவு வைத்திருக்கவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

அவரைக் கண்டு நான் பயந்தது ஒரே ஒரு நாள்.

எடை மேடை புரோகிராம் ஒன்று மெதுவாக ஓடுகிறது என்று புகார் வந்திருந்தது. ரஃபி உட்கார்ந்து அதன் உச்சியில் அந்த ஒரு வரியைச் சேர்த்தான். ஓட்டிப் பார்த்தான். "அக்கா, இங்க வாங்க. ஒரே வரி! பறக்குது பாருங்க!" என்று நாற்காலியோடு திரும்பினான்.

அக்கா வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன்.

"எடு" என்றார்.

"என்னக்கா?"

"அந்த வரிய எடு. இப்பவே எடு. எடுடா!"

அந்தக் குரலை நாங்கள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ரஃபி அவசரமாக வரியை அழித்தான். அக்கா பின்பக்கம் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ரஃபியிடம் மன்னிப்புக் கேட்டார். காரணம் சொல்லவில்லை. எடை மேடைகளில் புள்ளி வைத்த எடைகள் வரும், அதற்காகச் சொல்லியிருப்பார் என்று ரஃபி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதற்கு ஒரு ஆள் வாந்தி எடுப்பாரா என்று நான் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றி எங்களுக்குப் புரியாத இன்னொன்று அவருடைய ரவிக்கைகள். புடவைகள் எண்ணி நாலைந்துதான், எல்லாம் வெளுத்தவை. ஆனால் ரவிக்கை மட்டும் புதிது புதிதாக வரும். நீலப் புடவைக்கு மாம்பழ நிறம், பச்சைக்கு ஊதா. பொருந்துகிறதா என்று பார்ப்பதாகவே தெரியாது. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். மதியம் பையில் ஒரு ரவிக்கைத் துணியோடு கிளம்பிவிடுவார்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எனக்கு ரவிக்கை தைக்க வேண்டியிருந்தது. "உங்க டெய்லர் யாருக்கா?" என்று கேட்டேன்.  வேலை முடிந்து பையை எடுக்கும்போது, "வரியா? திருவெறும்பூர். பஸ்ல போகணும்" என்றார். யோசித்து யோசித்துச் சொன்னது போல இருந்தது.

தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், சின்ன ஓட்டுவீடு. முன்னறையில் தையல் மெஷின். அதில் தைத்துக்கொண்டிருந்த மல்லிகாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கணவர் ஒரு பட்டறையில் ஷிஃப்ட் வேலை. "வாங்க மாமி, வாங்க. இவங்க யாரு, உங்ககூட வேலை பாக்குறவங்களா? உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அக்கா ஸ்டூலில் உட்காரவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து உள்ளறை தெரியும். உள்ளறையில் பாயில் ஒரு சிறுமி இருந்தாள். பள்ளிக்குப் போகும் வயது, ஆனால் போகவில்லை. இடது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. அக்காவைக் கண்டதும் ஒரு சத்தம் எழுப்பினாள். சந்தோஷச் சத்தம்தான். ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து, பட்டன்கள் போட்ட பிஸ்கட் டப்பாவை அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா ஒவ்வொரு பட்டனாக எடுத்துக் காட்ட, அவள் வலது கையால் வாங்கி நிறம் பார்த்துப் பிரித்து வைத்தாள். அந்த நேரம் முழுவதும் அக்கா அவளைத் தொடவே இல்லை.

"கவிதா. எம் பொண்ணு" என்றார் மல்லிகா, எனக்கு அளவு எடுத்துக்கொண்டே. "மாமி வந்தா மட்டும்தான் இப்படி உக்காந்து விளையாடும். மத்த நேரம் வலிப்பு வந்துருமோன்னு நான் கண்ண எடுக்க முடியாது."

"பொறந்ததுலேருந்தா?"

"ம். குறை மாசம். என் தம்பி கல்யாணத்துக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். ஏழாம் மாசம். மாமியார் போகாதேன்னாங்க. கேக்கல. பஸ்ஸுல போனேன். ரோடெல்லாம் குண்டும் குழியும். திரும்பி வந்த அன்னிக்கே வலி எடுத்துருச்சு." அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டார். "எல்லாம் நான் பண்ணுனதுங்க. வேற யாரையும் சொல்ல முடியாது."

பேச்சு எங்களுக்குள் நடந்ததுதான். ஆனால் அக்காவின் கை பட்டன் டப்பாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது. கவிதா அந்தக் கையைப் பிடித்து இழுத்து, பட்டன் கேட்டாள்.

திரும்பும்போது பால்பண்ணை அருகே பஸ் நெரிசலில் நின்றது. வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. அக்கா அப்போதுதான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"இங்க வரதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் பாத்துண்டிருந்தேன். இப்ப அது இல்ல, மூடிட்டா. குறை மாசக் குழந்தைகளுக்குக் குளுக்கோஸ் எவ்வளவு ஏத்தணும்னு எடைய வெச்சுக் கணக்குப் போடற புரோகிராம் ஒண்ணு இருந்துது. நான் எழுதினது இல்ல, எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. சரியாத்தான் எழுதியிருந்தார். ரொம்ப மெதுவா ஓடறதுன்னு நர்ஸ்கள்லாம் சொல்லிண்டே இருந்தா. நான் உச்சியில அந்த வரியப் போட்டேன்."

எனக்கு ரஃபியின் முகம் நினைவுக்கு வந்தது.

"எல்லாருக்கும் சந்தோஷம். பெரிய டாக்டரே வந்து பாத்துட்டுப் போனார். திரையில எடை சரியாத்தான் தெரியும், ஒண்ணு புள்ளி நாலுன்னா ஒண்ணு புள்ளி நாலு. அந்தப் பேருக்கு ஆச்சரியக்குறி வால் இருந்துது. அதனால யாருக்கும் சந்தேகமே வரல. ஆனா ஃபங்ஷன் உள்ள வாங்கற எடத்துல வால் இல்ல. தலைவரிய ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல ஸ்டெல்லா."

"அப்ப எடைய..."

"ஒண்ணுன்னு எடுத்துண்டு, குளுக்கோஸக் கம்மியாக் காட்டித்து. அது கம்மியானா வலிப்பு வரும். மூணு கிலோ குழந்தைக்குப் புள்ளிக்குப் பின்னால இருக்கறது பெருசில்ல. ஒண்ணரை கிலோகூட இல்லாத குழந்தைக்கு அதுதான் உயிர். ஒரு நர்ஸ் வந்து கேட்டா, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழந்தை, எடை வேற வேற, ரெண்டுக்கும் ஒரே அளவு காட்டறதேன்னு. அப்பதான் போய்ப் பாத்தேன். அந்த ரெண்டுல ஒண்ணு கவிதா. அன்னிக்குக் கார்த்தாலதான் அவளுக்கு முதல் வலிப்பு வந்திருந்துது."

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். 'வரிய எடுத்தாச்சுல்ல, விடும்மா, இவ்வளவு சின்னக் குழந்தைன்னா ஆயிரம் காரணம் இருக்கும்'னுட்டார். நர்ஸ்கள்ல சில பேர் கையால ஒரு தடவ போட்டுச் சரி பாத்துப்பா. சில பேர் பாக்க மாட்டா. இவளுக்கு யார் ஏத்தினா, என்ன ஏத்தினா, எதுவும் எனக்குத் தெரியாது. வெளில வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மல்லிகா நின்னுண்டிருந்தா. என்னை நர்ஸுன்னு நெனச்சுண்டு, 'எம் புள்ள எப்படி இருக்குங்க'ன்னு கேட்டா. நன்னா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அதனாலதான் இப்படி ஆச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான்" என்றார்.

காந்தி மார்க்கெட் தாண்டிய பிறகு மிச்சத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி வேலையை விட்டு வெகுகாலம் கழித்து, அந்த வார்டு ஆயாவிடம் தெருப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ரவிக்கை தைக்க வந்தவராக மல்லிகா வீட்டு வாசலில் போய் நின்றாராம். அன்றிலிருந்து சனிக்கிழமைகள். வீட்டு அலமாரியில் போட்டுக்கொள்ளாத ரவிக்கைகள் அடுக்கடுக்காக இருப்பதாகச் சொன்னார். யார் கண்ணிலும் படாமல் இருக்க மேலே பழைய துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாராம். எனக்கு ஏனோ அந்தத் துண்டுதான் பயமாக இருந்தது.

இது இப்படியே ஓடியிருக்கும். மல்லிகா இரண்டாவது முறை கர்ப்பமானார்.

முதலில் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் மாதம் ஏற ஏற வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். ஆறாம் மாதம் ஆனபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகம் உப்பியிருந்தது. கண் மங்குகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டால், இல்லை. கணவர் ஆட்டோ கூட்டிவந்தும் ஏற மறுத்துவிட்டார்.

"குலுங்குனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் மாமி. ஒரு தடவ பாத்துட்டேன்ல" என்று உள்ளறையைக் காட்டினார்.

அந்த வாரம் முழுவதும் அக்கா அலுவலகத்தில் ஒரே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விரல் மேலே இருந்தது, ஆனால் எதையும் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னிடம், "நாளைக்கு நீயும் வா. நான் தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார்.

அன்றைக்கு அவர் பையில் துணி இல்லை.

மல்லிகா மெஷினில் இருந்தார். கவிதா பட்டன் டப்பாவோடு வந்தாள். அக்கா அதை வாங்கித் தரையில் வைத்தார்.

"மல்லிகா, நான் ஒண்ணு சொல்லணும். தைக்கறத நிறுத்திக்கோங்கோ."

மெஷின் நின்றது. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி, கணக்கு, தான் சேர்த்த வரி, எடையிலிருந்து விழுந்துபோன புள்ளி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் தான் சொன்ன பதில். கம்ப்யூட்டர் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.  மல்லிகா கடைசியில்தான் கேட்டார்.

"அப்ப நான் பஸ்ஸுல போனதுனால இல்லையா?"

அக்கா பதில் சொல்லவில்லை.  அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எதையும் நிச்சயமாகப் பார்க்காமல் இன்னொருவர் கையில் கொடுக்காத மனுஷி அவர். கவிதா டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"நெசமாச் சொல்லுங்க மாமி. பஸ்ஸுனால இல்லையா?"

"இல்ல" என்றார் அக்கா. "பஸ்ஸுனால இல்ல. உங்களால இல்லவே இல்ல. நான் போட்ட அந்த வரியினால."

 மல்லிகா எழுந்தார். பாதி தைத்திருந்த அக்காவின் ரவிக்கையை மெஷினிலிருந்து எடுத்து, நூலை அறுத்து, மடித்துக் கையில் கொடுத்தார்.

"இனிமே இங்க வராதீங்க."

"சரி."

"எம் பொண்ணு முகத்துல முழிக்காதீங்க."

"சரிம்மா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. கால் இவ்வளவு வீங்கப்படாது."

கதவு சாத்தப்பட்டது. அக்கா தெருவிலேயே நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. உள்ளே கவிதா தன் மொழியில் எதையோ கேட்டுக் கேட்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் அக்கா நகர்ந்தார்.

"உங்களுக்குத்தான் தெரியாதே அக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்.

"தெரியாதுன்னு சொன்னா அவளால பஸ் ஏற முடியாது."

நான் பிறகு தைக்கக் கொடுத்திருந்த இன்னொரு ரவிக்கை மல்லிகாவிடம் இருந்தது. சில வாரங்கள் கழித்து அதை வாங்க நான் மட்டும் போனேன். மல்லிகாவின் முகத்தில் உப்பல் வடிந்திருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். ரத்தக் கொதிப்பு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்களாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் திட்டினாராம். "டவுன் பஸ்ஸுலதான் போனேன்" என்றார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. நான் கேள்விப்பட்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"எடை?"

"ரெண்டரை கிலோவுக்கு மேலயாம்."

"மேலன்னா எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.

மல்லிகா பிழைத்ததில் அக்காவுக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. அந்த நாள்வரை அவரிடம் ஒரு 'தெரியாது' இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடியிருக்கிறார் என்பது அது போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. வாய்விட்டுச் சொன்னதும் அது அவருக்கு உண்மையாகிவிட்டது. முன்பு 'அந்தக் குழந்தைக்கு என்ன ஏத்தினான்னு தெரியாது' என்றவர், பிறகு 'நான் பண்ணினது' என்றுதான் சொன்னார். நானும் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். நான் சொன்னது எதுவும் அவருக்குள் போகவில்லை.

சனிக்கிழமைகளில் கிளம்புவதை மட்டும் அவர் விடவில்லை. ஒருநாள் ரஃபி வந்து சொன்னான். திருவெறும்பூரில் அவன் மாமா வீடு இருந்தது. "அக்காவ அங்க பஸ் ஸ்டாப்புல பாத்தேன் ஸ்டெல்லா. பஸ்ஸ விட்டு எறங்குனாங்க. நான் கூப்புடுறதுக்குள்ள ரோட்ட கிராஸ் பண்ணி, திரும்பி வர்ற பஸ்ஸுல ஏறிட்டாங்க. என்னப் பாக்கவே இல்ல." 

பிறகு புதிய கம்ப்யூட்டர்கள் வந்தன. புதிய மொழிகள் வந்தன. வகை பொருந்தாத எண்ணைக் கொடுத்தால் அவை தாமாகவே நின்று, இந்த இடத்தில் தப்பு என்று காட்டின. "இனிமே உங்களுக்கு வேலையே இல்லக்கா, அதுவே சொல்லிரும்" என்றான் ரஃபி, அவரைச் சந்தோஷப்படுத்த. அக்கா புதிய திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று ரஃபிக்குப் புரியவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

ஒரு தடவை சித்திரை வீதிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் அப்பா காலமாகியிருந்தார். கூடத்தில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். குடிக்கத் தீர்த்தம் வேண்டுமா என்று கேட்டார். எனக்குத் தாகம் என்றதும் சொம்பை எடுத்து வந்தவர், நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். கொடுக்கத் தயங்கினார். "நீயே உள்ள வந்து எடுத்துக்கோயேன்" என்றார். அந்த நாட்களில் அவரால் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. அடுத்த முறை போனபோது வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். வடக்கே இருக்கும் அவருடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். "ஸ்டெல்லாதானே நீங்க?" மல்லிகா. தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் நாற்காலியில் கவிதா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் காதோரம் நரை. என்னைப் பார்த்துச் சிரித்தாள், அடையாளம் தெரிந்து அல்ல. மகன் சென்னையில் வேலையில் இருக்கிறானாம். அவன் கல்யாணத்துக்குத்தான் புடவை எடுக்க வந்திருந்தார்கள்.

பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று கேட்டார். "மாமி எங்க இருக்காங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "அவங்களுக்கே நிச்சயமாத் தெரியாதுங்க. நான் கேட்டப்ப எவ்ளோ நேரம் வாயத் தொறக்கல, நீங்களும் பாத்தீங்கல்ல? எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு." கவிதாவின் முந்தானையைச் சரிசெய்தார். "இவ பொறந்தப்ப அழவே இல்ல. மூச்சே வரல. நீலமாக் கெடந்தா. தட்டித் தட்டித்தான் உசுரு வந்துச்சு. மூளைக்குக் காத்துப் போகலம்மா, புள்ள எப்படி வரும்னு சொல்ல முடியாதுன்னு பிரசவம் பாத்த டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. குளுக்கோஸ் ஏத்துனதெல்லாம் அப்புறம்தான்."

 "இத அன்னிக்கே அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே மல்லிகா."

"சொன்னா அந்த பஸ்ஸு மறுபடி எங்கிட்டயே வந்துருமே."

கடைக்காரர் பில்லை நீட்டினார். மல்லிகா அதை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயித்துல புள்ளையோட இருந்தேன். அப்ப எனக்கு வேற வழி தெரியல. அவங்க தானா வந்து பழிய ஏத்துக்கிட்டாங்க, விட்டுட்டேன். மாமிய பாத்தா நான் இதச் சொன்னேன்னு சொல்லிருங்க. மறந்துறாதீங்க."

சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு மகளைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். அக்கா எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.